கல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாக்கம் குறித்துச் சென்ற இதழில் வெளியிட்டிருந்த கட்டுரையில், ‘ஆட்டுக்கல்லில் மோட்டாரைப் பூட்டியதையெல்லாம் கண்டுபிடிப்பு என்று கொண்டாடும் வரை நாம் முன்னேறப் போவதில்லை’ என்று ஒரு வரி வருகிறது. பக்கத்திலேயே கிரைண்டர் படத்தைப் போட்டு, ‘மோட்டார் பூட்டிய ஆட்டுக்கல்’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். கோவையில் நாற்பது ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்திவரும் எனக்கு, அந்த வரியைப் படித்த இரவு உறக்கம் பிடிக்கவில்லை.

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். என் தாயார் வலக்கையால் குழவியைச் சுற்றியபடி, விளிம்பில் ஏறும் மாவை இடக்கையால் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரு கணம் தவறினாலும் விரல் நசுங்கும். கிரைண்டரில் இது தலைகீழ். அங்கே கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்தில் நிற்கிறது, இடக்கையின் வேலையை ஒரு சிறு பலகை செய்கிறது. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரை நேரே கல்லில் பூட்டியிருந்தால் மாவு சுவரெங்கும் தெறித்திருக்கும். பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகத்தைக் குறைத்து, மாவு சூடேறாமல் அரைபடச் செய்தார்கள். 1950களின் நடுவில் இதைச் செய்துகாட்டிய பி. சபாபதி அவர்கள் கல்லையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, மோட்டாரையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எதைச் சுற்ற வைப்பது, எதை நிறுத்தி வைப்பது என்ற கேள்விக்கு விடை கண்டார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

இந்த ஏளனம் எனக்குப் புதிதல்ல என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. 2009இல், அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மும்முனை மின்சாரம் வரும் நள்ளிரவில் டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்கு நடந்துபோய்ப் பாம்புக்கடி பட்டு, பிழைத்து வந்தார். அவருக்காக, அழைப்பைத் தானே ஏற்கும்படி அமைத்த ஒரு பழைய செல்போன், அதில் அழுத்தும் எண்ணின் ஒலியைப் பிரித்தறியும் ஒரு ஐசி (மின்னணுச் சில்லு), மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே இரண்டு ஆகியவற்றை மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைத்தேன். எல்லாமே கடையில் வாங்கியவைதான். ஆனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை விரல் ஓரிரு நொடிகள்தான் அழுத்துகிறது. அதன்பின் உள்ளே இருக்கும் காயில் தானே பிடித்துக்கொள்ளும். நான் முதலில் வைத்த ரிலே அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்ததால், சிவப்புப் பொத்தானிலிருந்து கையை எடுத்த உடனே மோட்டார் மறுபடி ஓடியது. ஒருநாள் மின்சாரம் போய் இரண்டு முனையில் மட்டும் திரும்பியபோது, தானாகவே ஓட முயன்று மோட்டாரின் காயில் கருகியும் போனது. அதை என் செலவில் கட்டிக் கொடுத்தேன். ரிலேவை இரண்டு நொடியில் விடவைத்து, ஒரு முனை இல்லாவிட்டாலும் ஓடாதபடி தடுப்பும் சேர்த்து, அந்த மனிதர் கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் பாய்ச்ச எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாத வேலை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அதை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, நடுவர் ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “போனும் கடையில் கிடைக்கிறது, ரிலேவும் கடையில் கிடைக்கிறது, நீங்கள் கண்டுபிடித்தது என்ன?” என்று கேட்டார். உடன் வந்திருந்த என் மகனின் முன்னால் கேட்டார்.

காப்புரிமைச் சட்டமே இதை ஏற்பதில்லை என்று கட்டுரையாளர் எழுதுகிறார். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அறிந்த கருவிகளை வெறுமனே வரிசைப்படுத்துவது, அவை ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்யுமானால், கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அதன் பொருள். பேனாவில் கடிகாரம் வைப்பது அப்படிப்பட்டது. அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து, தனியே எதனாலும் முடியாத ஒரு பயனைத் தரும் சேர்க்கையை அந்தப் பிரிவு தள்ளிவிடவில்லை. ‘ஒவ்வொன்றும் தனித்தனியே’ என்ற சொற்களை விட்டுவிட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டுவது நியாயமா?

1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்தின் போங்காவ் என்ற ஊரில், மருத்துவர் திலீப் மகலனபீஸ் உப்பையும் சமையல் சோடாவையும் குளுக்கோஸ் சர்க்கரையையும் அளந்து தண்ணீரில் கலந்து, காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். இவற்றில் எதுவுமே புதுப்பொருள் அல்ல. குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ள இந்தச் சர்க்கரை துணை செய்கிறது என்பதும் ஆய்வாளர்கள் முன்பே அறிந்ததுதான். நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன முகாமில் அந்தக் கலவையைத் துணிந்து கொடுத்ததால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அதைக் ‘கலந்து கொடுத்தார், அவ்வளவுதானே’ என்று கட்டுரையாளர் எழுதுவாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் பழைய பாகங்களை அடுக்கி ஒரு செல்போனை வெளியிட்டால், அது தங்கள் இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வருகிறது. பட்டறையில் படித்தவனும் பள்ளிக்கூட மாணவியும் செய்தவை துணுக்குப் பக்கத்தில், இரட்டைத் தலை ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் வருகின்றன. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். இதே குறையை முன்பும் ஒருமுறை எழுதினேன், பதில் வரவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படவிளக்கத்தையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்: அது மோட்டார் பூட்டிய ஆட்டுக்கல் அல்ல, அதில் சுற்றுவது கல், நிற்பது குழவி.

தங்கள் உண்மையுள்ள,
மோட்டார் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.