செல்போன் காட்டும் வைஃபை பட்டியல் எப்போது எடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் வைஃபை சரியாக எட்டாதவர்களுக்குத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு யோசனை வந்திருந்தது. வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள், எங்கே சிக்னலின் பலத்தைக் காட்டும் எண் குறைகிறதோ அங்கே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வையுங்கள் என்று. (சிக்னலே இல்லாத இடத்தில் ரிப்பீட்டர் வைத்தால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். அது இருக்கட்டும்.) நடந்து பார்க்கச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இன்றைய ஆண்ட்ராய்டு போனில் அதை அப்படியே செய்தால் ஹாலின் எண்ணைச் சமையலறை எண் என்று குறித்துக்கொண்டு வருவோம்.

2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் கூகுள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. திரையில் திறந்திருக்கும் செயலி ஒன்று 2 நிமிடத்துக்கு 4 முறைதான் வைஃபை ஸ்கேன், அதாவது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடச் சொல்லி, கேட்க முடியும். பின்னணியில் ஓடும் செயலிகள் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம். ஐந்தாவது முறை கேட்டால் சிஸ்டம் முடியாது என்று செயலியிடம் சொல்லிவிடும், ஆனால் கடைசியாக எடுத்த பட்டியல் மட்டும் அப்படியே கையில் இருக்கும், செயலியும் அதையே எடுத்துத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஹாலில் நின்று ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று நாலு தட்டுத் தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனால் அங்கே தெரிவது ஹாலில் எடுத்த கணக்கு. தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டு இன்றைக்கு நல்ல நேரம் பார்க்கிற கதைதான்.

கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் செய்யும்போது போன் தன் சேனலை (வைஃபை ஓடும் அலைவரிசையை) விட்டு மற்ற சேனல்களுக்குத் தாவிப் பார்த்துவிட்டு வர வேண்டும், பேட்டரியும் போகும், ஓடிக்கொண்டிருக்கிற வீடியோ காலும் இழுக்கும். எனக்குக் கோபம் செயலிகள் மேல்தான். பட்டியலின் ஒவ்வொரு வரியோடும் அந்த நெட்வொர்க்கைக் கடைசியாக எப்போது பார்த்தது என்ற நேரத்தையும் ஆண்ட்ராய்டு சேர்த்தே கொடுக்கிறது. அதை ஓரமாகச் சின்ன எழுத்தில் போட்டால்கூடப் போதும், குழப்பமே வராது. கலர் கலராக வரைபடம் போடத் தெரிகிறது, இதைப் போட மட்டும் பலருக்கு மனம் வரவில்லை.

பழைய கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உண்மையான சிக்னல் ஒரு இடத்தில் நிற்காது. போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாலும் மைனஸ் 58, மைனஸ் 61, மைனஸ் 59 என்று ஆடிக்கொண்டே இருக்கும் (இது டிபிஎம் என்ற அளவு, பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கச் சிக்னல் பலம்). நீங்கள் நடந்தும் எல்லா நெட்வொர்க்கின் எண்ணும் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அது பழசு. இன்னும் சந்தேகம் என்றால் ரூட்டரின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள், அணைந்த ரூட்டர் மைனஸ் 52 என்று கம்பீரமாகப் பட்டியலில் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதைப் பார்த்துவிட்டு யாரோ நம் பெயரிலேயே இன்னொரு வைஃபை வைத்திருக்கிறார்கள் என்று பாஸ்வேர்டை எல்லாம் மாற்றினார்கள்.

சரி, என்ன செய்வது? ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (செட்டிங்ஸில் பொதுவாக மறைந்திருக்கும் பகுதி) வைஃபை ஸ்கேன் த்ராட்லிங் என்று இந்தக் கட்டுப்பாட்டுக்கான ஒரு ஸ்விட்ச் உண்டு, அளக்கும்போது மட்டும் அதை அணைத்துவிடலாம். அது வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு அறையிலும் செட்டிங்ஸில் வைஃபை பக்கத்தை ஒரு முறை திறந்துவிட்டுச் செயலிக்குத் திரும்பலாம், அந்தப் பக்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அது எடுத்த பட்டியல் செயலிக்கும் கிடைக்கும். ஒரே ரூட்டர் இருக்கிற வீட்டில் பட்டியலே தேவையில்லை, இணைந்திருக்கிற நெட்வொர்க்கின் எண்ணை மட்டும் பாருங்கள், அது சில விநாடிக்கு ஒரு முறை தானாகவே புதுப்பிக்கப்படும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். வின்டோஸில் கட்டளைத் திரையில் நெட்ஷெல் (netsh) கட்டளையைத் தட்டச்சு செய்து கொடுத்துப் பட்டியல் கேட்டால் பல நேரம் இணைந்திருக்கும் ஒரே பெயர்தான் வரும், அக்கம்பக்கத்தில் வேறு வைஃபையே இல்லை என்று தோன்றும். டாஸ்க்பாரில் வைஃபை ஐகானைத் தட்டிப் பட்டியலைத் திறந்துவிட்டு மறுபடி அதே கட்டளையைக் கொடுங்கள், மொத்தத் தெருவும் வந்து நிற்கும். அப்புறம், அதில் சிக்னல் என்று காட்டும் 80 சதவீதம் என்பது ஏறக்குறைய மைனஸ் 60, போனின் எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் லினக்ஸ்தான் நேர்மை. அதன் ஸ்கேன் கட்டளை ஒவ்வொரு நெட்வொர்க்குக்குக் கீழேயும் 'லாஸ்ட் சீன்' என்று போட்டு எத்தனை மில்லிசெகண்டுக்கு முன்னால் பார்த்தேன் என்று சொல்லிவிடும். 24,000 என்று இருந்தால் 24 விநாடிப் பழசு.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு, இருக்கிற நெட்வொர்க் தெரியாமல் போவது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் மட்டும் வீட்டு வைஃபை தெரியவில்லை, மற்ற எல்லாவற்றிலும் தெரிகிறது என்றால் ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே அந்தச் சேனல்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் அந்த ஊர் அமைப்பில் இருக்கும் லேப்டாப் பொதுவாக 11க்கு மேல் தேடவே தேடாது. ரூட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்களில் வேறு சிக்கல், ரேடாருக்கு இடம்விட வேண்டும் என்பதால் அங்கே போன் தானாகக் குரல் கொடுத்துக் கேட்கக் கூடாது, ரூட்டர் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை அனுப்பும் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அது தவறினால் அந்த முறை பட்டியலில் பெயர் வராது. வந்து வந்து மறைகிறது என்று ரூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் யோசனை பொருந்தவே பொருந்தாது, பக்கத்து வைஃபைகளைப் பட்டியலிட வெளிச் செயலிகளை ஆப்பிள் விடுவதில்லை. ஆப்பிளின் சொந்த ஏர்போர்ட் யுடிலிட்டியை இறக்கி, போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் அதில் பார்க்கலாம். அடுத்த முறை இந்தப் பகுதி வரும்போது இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.