புத்தாண்டு வாக்குத்தத்த வசனம்: ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர்களுக்கும் உபதேசியார்களுக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல்.

வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்தமாக டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சபையாருக்குக் கொடுக்கும் வசன அட்டைகள் அச்சுக்குப் போகும் காலம் இது. இந்த ஆண்டும் பல சபைகளில் எரேமியா 29:11 வரும்: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ வசனத்தில் குறையில்லை. முந்தின வசனத்தை விட்டுவிட்டு அதை எடுப்பதில்தான் குறை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே உங்களைச் சந்திப்பேன் என்கிறது 10-ம் வசனம். யூதாவின் ராஜாவாகிய யெகொனியாவோடு கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. திரும்பிப் போகலாம் என்று பெர்சியா ராஜாவாகிய கோரேசின் கட்டளை வந்தது கி.மு. 538-ல். முப்பது வயதில் போனவருக்கு அப்போது தொண்ணூறு நெருங்கியிருக்கும். பெரியவர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்கவேயில்லை. 5-ம் வசனம் வீடு கட்டச் சொல்வது உண்மைதான், ஆனால் சிறைப்பட்டுப்போன ஊரில்.

இதே ஜனங்களைப்பற்றி எருசலேமில் இனிப்பாகப் பேசிய பொய்த் தீர்க்கதரிசி ஒருவன் 28-ம் அதிகாரத்தில் நிற்கிறான். ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான் அனனியா. பாபிலோன் ராஜாவுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் பிடுங்கி உடைத்தான். கவனியுங்கள்: ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்றுதான் அவனும் ஆரம்பித்தான். திரும்பி வருவார்கள் என்பதை எரேமியாவும் சொன்னார். எழுபதை இரண்டாக்கியதில்தான் பொய் இருந்தது. கேட்கிறவர்களைப் பிரியப்படுத்தும் பிரசங்கம் பெரும்பாலும் இப்படித்தான் தவறிப்போகிறது. உபதேசம் மாறுவதில்லை, காலம் மட்டும் சுருங்கிவிடும். ‘இந்த வருஷத்திலேயே கடன் தீரும், இந்த வருஷத்திலேயே கர்ப்பம் தங்கும்’ என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்லும்போது நடப்பதும் அதுவே.

அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் பிரசங்கியார்கள் அல்ல. டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவர் பிப்ரவரியிலேயே ‘என் விசுவாசம் போதவில்லை’ என்று தன்னைக் குற்றப்படுத்த ஆரம்பிக்கிறார். டிசம்பரில் அந்த அட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த அட்டையை மாட்டுகிறோம், போன வருஷத்து வார்த்தை என்னவாயிற்று என்று அவரிடம் யாரும் பேசுவதில்லை.

கண்டித்துப் பேசுவதே சத்தியம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அனனியாவுக்கு எரேமியா கொடுத்த முதல் பதில், ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.’ ஜனங்கள் சீக்கிரம் திரும்பவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையாக்கவில்லை. கமிட்டியில் எதிர்த்துப் பேசியவரை ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லாமல் குத்துகிறவர் இந்த வழியில் நடக்கிறவர் அல்ல. குற்றம் இருந்தால் மத்தேயு 18:15 சொல்லுகிறபடி தனித்துப் போய்ப் பேசட்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. வசனத்தை நவம்பரிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தும்போது பழகின வசனம்தான் கைக்கு வரும். அதிகாரம் முழுவதையும் இரண்டு தரம் வாசித்து, யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சபைக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்க முடியாவிட்டால் வேறு வசனம் எடுங்கள். எரேமியா 29:11-ஐயே எடுத்தால், ஆராதனையில் 29:1 முதல் 14 வரை முழுவதும் வாசிக்கப்படட்டும், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அட்டையிலும் ‘29:1-14 வாசிக்கவும்’ என்று போடுங்கள். அச்சுச் செலவு சபைக் கணக்கிலிருந்து போகட்டும். உபயதாரர் பெயர் அட்டையில் ஏறினால், அவர் விரும்பாத வசனம் அடுத்த ஆண்டு வருவது கடினம். எழுதப்பட்டதற்கு மட்டும் ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்று சொல்லுங்கள். கடன் தீர வேண்டும், சுகம் கிடைக்க வேண்டும் என்ற உங்கள் வாஞ்சையை ‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்லுங்கள்.

‘வருஷ ஆரம்பத்தில் ஜனங்கள் சந்தோஷமாகப் போகவேண்டும் ஐயா’ என்று கமிட்டியில் சொல்வார்கள். அவர்களுக்கு எரேமியா 29-ன் 12, 13-ம் வசனங்களைக் காட்டுங்கள். ஜெபம்பண்ணினால் செவிகொடுப்பேன், முழு இருதயத்தோடும் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்று பாபிலோனில் இருந்தவர்களுக்கே கர்த்தர் எழுதுவித்தார். கடன் தீராத வீட்டுக்கும் டயாலிசிஸ் படுக்கைக்கும் அந்த வசனங்களைத் தைரியமாக எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
சபைகளில் வேதபாட வகுப்பு நடத்துவோர் சிலர்