ஐந்தாவது தட்டு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மலர் கிடாரில் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'ரிவர் மேன்' பாட்டை எடுக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். எங்கோ தாளம் இடிக்கிறது என்கிறாய். இடிக்காமல் என்ன செய்யும்? அது 5 எண்ணிக்கைப் பாட்டு. ராக் கேட்டுப் பழகிய கை நான்கிலேயே சுற்றும். ஐந்தாவது தட்டை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் ஒன்றைக் கூட்டி ஆறாக்கிவிடும். கிடாரைக் கீழே வைத்துவிட்டு 'தகதகிட' என்று வாயால் சொல்லித் தொடையில் தட்டச் சொல். ஐந்தும் ஒரே அளவாக விழ வேண்டும். அழுத்தம் எங்கே என்பதைப் பிறகு பதிவைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

டிரேக்கின் பல பாட்டுகளுக்குக் கம்பிகளை வேறு மாதிரி சுருதி கூட்ட வேண்டும். இதற்கு வேண்டாம், வழக்கமான சுருதிதான், கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) மட்டும் 3வது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாவது கட்டத்தில். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, நேராகப் போடட்டும். மாட்டியபின் சுருதியைத் திரும்பப் பார்க்காவிட்டால் ஸ்வரம் சற்று ஏறி நிற்கும்.

சோகமான மைனரில் தொடங்கும் ஸ்வரக்கூட்டுகளின் சுற்று வெளிச்சமான மேஜரில் வந்து இறங்கும் இடம் இருக்கிறதே, அங்கே மாறுவது ஒரே ஒரு ஸ்வரம்: சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. ஒரு ஃப்ரெட் தூரம்தான். மேகம் விலகியது போலிருக்கும். அந்த இடத்தில் விரல் தடுமாறினால் பாட்டே போச்சு.

அதைவிட முக்கியம் வலது கை. இந்தப் பாட்டு உள்ள, 1969இல் வந்த ஆல்பத்தில் வேறு சில பாட்டுகளுக்கு வயலின் பகுதிகளை எழுதியவர் ராபர்ட் கிர்பி; இதற்கு மட்டும் ஹாரி ராபின்சன். டிரம்ஸ் கிடையாது. வயலின்கள் நீள வில்லில் எழும்பி வரும்போது, கூடவே கிடாரையும் ஓங்கி அடிக்கத் தோன்றும். டிரேக்கின் கை அசையாது. மேலே வெள்ளம் வந்தாலும் அடியில் அதே நடை, அதே சத்தம். பாட்டின் அமைதி முழுக்க அதில்தான் இருக்கிறது. மெதுவாக வாசித்தால் மட்டும் அது வராது.

குரலும் தட்டின் தலையில் உட்காராது, கொஞ்சம் பிந்தி வரும். முதலில் வாசித்துக்கொண்டே உன்னோடு பேசச் சொல். பேச்சில் கை தடுமாறவில்லை என்றால் பாடலாம்.

தேறியதும் போனில் பதிவு செய்து அனுப்பு. 12வது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வை. கிடாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் தடித்த கம்பிகள் குமுறும்.

அன்புடன்,
பாஸ்கர்