உன் கம்பிக் கம்மல் கட்டுரையைப் படித்தேன்

மானாமதுரை
கார்த்திகை 9

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் கூடவே அனுப்பியிருந்த கட்டுரையும் போன வாரமே வந்துவிட்டன. உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி கூடிப்போய், மதுரைக்கும் இங்கேயுமாக நாலு தடவை அலைந்தேன். இப்போது தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்து, குழம்புக்கு உப்புப் பார்க்கிறாள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வைகையில் தண்ணீர் ஓடுகிறது. பார்க்க மனசு நிறைகிறது, ஆனால் என் வேலை நின்றுபோயிற்று. பத்து நாளாகச் சூளை வைக்கவில்லை. அறுபது ஜோடி ஜிமிக்கி பச்சை மண்ணாகவே தட்டில் இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீ சும்மா இருக்க மாட்டாய் என்று தெரியும். ஆனால் இத்தனை வருஷம் கையில் இருந்த கம்பி வேலையை எழுத்தில் போட்டு, இணையத்தில் எல்லோருக்கும் சொல்லித்தரப் போகிறாய் என்று நினைக்கவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். கல்லூரியில் என் ரெக்கார்டு நோட்டை நீ திருத்திக் கொடுத்தாயே, அந்தக் கடனை இப்போது அடைக்கிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். வட்டமூக்குக் குறட்டில் நுனிப் பக்கம் கம்பியை வைத்தால் சின்ன வளையம், அடிப் பக்கம் வைத்தால் பெரிய வளையம். இரண்டு காதுக்கும் வளையம் ஒரே அளவாக வர வேண்டுமானால் குறட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும், மல்லி. புதிதாகச் செய்கிறவளுக்கு இடது கம்மலும் வலது கம்மலும் ஒத்துவராமல் போவதுதான் முதல் அழுகை. அதை முன்கூட்டியே பிடித்துவிட்டாய். கொக்கி வளையத்தை அகலமாக இழுக்காமல் ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் திருப்பித் திறக்கச் சொன்னதும் அப்படித்தான். இழுத்துத் திறந்த வளையம் திரும்ப வட்டமாகவே வராது.

இனி சண்டைக்கு வருகிறேன். கம்பியின் தடிமனை '20 கேஜ் கம்பி' என்று எண்ணால் எழுதியிருக்கிறாயே, அது எந்த 20? நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அதில் 20 என்றால் 0.91 மி.மீ. அமெரிக்க அளவில் அதே 20 என்றால் 0.81 மி.மீ. இணையத்தில் மணியும் கம்பியும் வரவழைக்கிறவர்களுக்கு இதில் எது வரும் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம். ஆனால் உன் கட்டுரையில் வருகிற முத்துக்குத் துளை 0.85 என்று நீயே எழுதியிருக்கிறாய். அமெரிக்க 20 உள்ளே போகும். நம் கடை 20 போகாது. புதிதாகச் செய்கிறவள் முத்தை அழுத்துவாள், முத்து தெறித்து உடையும், தனக்குக் கைராசி இல்லை என்று மூட்டை கட்டி வைத்துவிடுவாள். தப்பு அவளுடையது இல்லை. கேஜை விட்டுவிடு, மில்லிமீட்டரில் எழுது. நான்கூட முன்பெல்லாம் 'ஊசியால் ஒரு துளை' என்றுதான் எழுதுவேன். மண் காய்ந்து, சுட்டு, மேலே வண்ணமும் பூசினால் அந்தத் துளை சிறுத்துப்போகும், கொக்கி நுழையாது. இப்போது ஈர மண்ணில் 2 மி.மீ. என்று அளவே போட்டுவிடுகிறேன்.

படத்தில் கம்மலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறாய். அளவு தெரியட்டும் என்றுதான் வைத்திருப்பாய், புரிகிறது. ஆனால் பழைய ஒரு ரூபாய் 25 மி.மீ.; 2011இல் வந்தது 22க்கும் சற்றுக் குறைவு. இரண்டும் இன்றைக்கும் கைகளில் புழங்குகிறது. பேத்தியின் ஸ்கேலை வாங்கி வைத்துவிடு. 'ஏதாவது ஒரு கொக்கி' என்று விட்டதையும் மாற்று. நிக்கல் கலந்த மலிவுக் கொக்கி சில பேர் காதைப் புண்ணாக்கிவிடும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காது மடல் தக்காளி மாதிரி வீங்கியதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளி, இல்லாவிட்டால் சர்ஜிகல் ஸ்டீல் என்று பெயர் சொல்லி எழுது.

இதையெல்லாம் நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் கட்டுரை கற்றுக்கொடுத்தது. சுடுமண் ஜிமிக்கி செய்வதைப் பற்றி ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதினேன். அதில் 'நன்றாகக் காய்ந்ததும் சூளையில் வைக்கவும்' என்று ஒரு வரி. எழுதும்போது அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதினாள். ஐப்பசி மழையில் பன்னிரண்டு ஜோடி செய்திருக்கிறாள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததாம், மூன்றாம் நாளே உமியும் வரட்டியும் போட்டு மூட்டிவிட்டாள். அரை மணி நேரத்தில் உள்ளே பட்பட்டென்று சத்தம். திறந்து பார்த்தால் ஒன்றுகூட முழுசாக இல்லை. அவள் என்னைத் திட்டவில்லை. 'அக்கா, நன்றாக என்றால் எவ்வளவு நாள்?' என்று மட்டும் கேட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை, மல்லி. எனக்குத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் குலாலர் தெருவில் எனக்கு மண் பிசையச் சொல்லித்தந்த ஆத்தாவிடம் போனேன். காய்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால், 'கை சொல்லும் தாயி' என்றார். 'உங்க கை சொல்லும், சென்னையில இருக்கிற புள்ளைக்கு யாரு சொல்லுவா?' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முதல் நாள் வனைந்த அகல் ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். அப்புறம் என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. 'குளுந்தா இன்னும் தண்ணி இருக்கு. குளுராம இருந்தாத்தான் காஞ்சது' என்றார். ஐம்பது வருஷமாக அவர் செய்துவந்தது. அதுவரைக்கும் அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஜிமிக்கித் தட்டை அப்படியே சமையல் தராசில் வைத்து, காலையில் நிறுத்து எழுதிவைக்க வேண்டும். மறுநாளும் அதே நேரத்தில் நிறுக்க வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே எடை காட்டினால் சூளைக்குப் போகலாம். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் என்பதால், எடை நின்ற பிறகும் மணல் போட்ட சட்டியில் வைத்து இரண்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வாட்டச் சொல்லி எழுதினேன். உள்ளே தங்கிய தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகும், வெளியேற வழி இல்லாவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டுதான் வரும் என்று காரணத்தையும் போட்டேன். காரணம் தெரிந்தவள் நாளை வேறு ஒரு மண்ணில், வேறு ஒரு ஊரில் தானாகவே சமாளித்துக்கொள்வாள். அந்தச் சென்னைப் பெண் தை மாதம் படம் அனுப்பினாள். பன்னிரண்டு ஜோடியும் செங்கல் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல்.

அதனால்தான் உன் கட்டுரையில் 'பக்குவமாக', 'லேசாக', 'தேவையான அளவு' என்று வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் சுழித்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது. ஒவ்வொரு இடத்திலும் உன் கை என்ன செய்கிறது என்று நின்று பார். இதுவரைக்கும் நீ எத்தனை கம்பியை ஒடித்திருப்பாய்! ஒரே இடத்தில் நாலைந்து தடவை வளைத்து நிமிர்த்தினால் செம்புக் கம்பி இறுகி ஒடிந்துபோகும் என்று எனக்குச் சொன்னதே நீதான். அது கட்டுரையில் இல்லையே, ஏன்? தப்பிப்போகிற இடத்தை எழுது மல்லி. அழகாக முடிந்த கம்மலின் படத்தை எவரும் போட்டுவிடுவார்கள்.

வீடியோ காலத்தில் இதை யார் படிப்பார்கள் என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். என் கட்டுரையை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வேலை செய்கிற திண்ணைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள் ஒருத்தி. கை முழுக்க மண்ணாக இருக்கும்போது போனைத் தொட முடியாது, நிமிர்ந்து பார்த்தால் அளவு தெரிகிறது என்கிறாள். அவனிடம் சொல்.

நீ பயந்து பயந்து கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் நம்மிடம் யார் வாங்குவார்கள்? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் என் மாங்காய்த் தொங்கல், அதே வளைவு, அதே மூன்று புள்ளி. விலை என்னுடையதைவிட நாற்பது ரூபாய் குறைவு. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். கையில் எடுத்துப் பார்த்தேன். துளை சுத்தமாக இருந்தது, விளிம்பு ஈர விரலால் தடவிச் சீராக்கியிருந்தது, பின்பக்கத்தில் விரல்ரேகை ஒன்றுகூட இல்லை. நான் எழுதியது எழுதியபடியே. வேலையை மதித்துச் செய்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா விசேஷத்துக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

என் வியாபாரம் குறையவில்லை. ஒரே ஒரு ஜோடியாவது தானே செய்து பார்த்தவள், இருநூற்றைம்பது ரூபாய் ஏன் என்று அப்புறம் கேட்பதே இல்லை.

ஆனால் செய்முறை வேறு, நாம் எழுதியது வேறு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஜிமிக்கி செய்யும் முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. நீ எழுதிய வாக்கியமும் எடுத்த படமும் உன்னுடையவை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு எங்கேயும் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் கட்டுரை ஒன்றை யாரோ வரி பிசகாமல் தூக்கித் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள். படத்தில் தெரிந்தது என் கை, என் பச்சைக் கண்ணாடி வளையல். தளத்தாருக்கு எழுதி எடுக்கவைத்தேன். நீயும் மூலப் படங்களை அழிக்காமல் வைத்திரு. எழுதியதை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வை. நான் முதலில் எழுதிவந்த தளம் ஒருநாள் மூடிக்கொண்டது. பதினொரு கட்டுரையில் நாலுதான் என்னிடம் பிரதி இருந்தது. மற்ற ஏழையும் நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். காசு வருமா என்று கேட்டாய். எனக்கு வந்தது கரண்டு பில்லுக்குக் காணாது. அதை நம்பி இறங்காதே.

போன மாதம் சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2023இல் திறந்தது, நீ இன்னும் பார்க்கவில்லை இல்லையா? சுடுமண் மணி, கண்ணாடி மணி, சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் மணி என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இருக்கின்றன. காற்றுப் பட்ட இடம் சிவப்பு, படாத இடம் கருப்பு. நான் மரத்தூளைப் போட்டு மூடிக் கருப்பாக்குகிறேனே, அதே வித்தை. பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பெயர் கீறியிருக்கிறது. பிள்ளைகள் எழுத்தைக் கூட்டிப் படித்தார்கள். நான் மட்டும் ஒரு மணியின் முன்னால் நின்றுவிட்டேன். அவ்வளவு சின்ன மணியில் அவ்வளவு நேர்த்தியான துளை. அதைச் செய்தவள் துளையை எதால் போட்டாள், எப்போது போட்டாள், ஈரத்திலா பாதி காய்ந்த பிறகா? பெயர் எழுதத் தெரிந்த ஊர் அது. யாராவது அவளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஆத்தாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. வாரம் ஒருநாள் நோட்டோடு போய் உட்காருகிறேன்.

சரி, மழை மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. திண்ணையில் தட்டு இருக்கிறது, எடுத்து உள்ளே வைக்க வேண்டும்.

கட்டுரையைத் திருத்தி எனக்கு இன்னொரு தடவை அனுப்பு. வெளியிடும் முன் அதை வைத்து நானே ஒரு ஜோடி செய்து பார்க்கிறேன். கம்பி வேலை எனக்குத் தெரியாது, அதனால் எழுத்தில் விட்டுப்போனது எதுவும் என்னிடம் அகப்பட்டுவிடும். கம்பியும் முத்தும் மட்டும் நீ அனுப்பிவிடாதே. நீ எழுதியிருப்பதைக் கடைக்காரரிடம் அப்படியே படித்துக்காட்டி நான் வாங்கிக்கொள்கிறேன். சரியான கம்பி கைக்கு வருகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
கோமதி