சுவருக்குள் டக் டக்

வின்னிபெக், கனடா
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

போர் மோட்டாரை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். பதில் போடத் தாமதமானதற்குக் கோபிக்காதே. பத்து நாளாக இங்கே ராத்திரியானால் மைனஸ் 30.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் குழாய்ச் சத்தம்தான் தூங்க விடுவதில்லை. யாராவது சுடுதண்ணீர் திறந்தால் போதும், சுவருக்குள் டிக், டிக், டக் என்று ஆரம்பித்துவிடும். மூடிய பிறகும் கால் மணி நேரம் ஓயாது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் முதலில் எலி என்றார். அப்புறம் எலி இல்லை என்று சொல்லி எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். வாங்கினேன். குழாய் மதிக்கவில்லை.

வீடு மரச்சட்டத்தில் எழுப்பியது. செப்புக் குழாய் அந்த மரத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. வெளிச்சுவரை ஒட்டிச் சில்லிட்டுக் கிடக்கும் குழாயில் திடீரென்று 50 டிகிரி தண்ணீர் பாய்ந்தால், 6 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். மரம் பிடித்துக்கொள்ள, விட்டு விட்டு வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு டக். ஆறும்போது சுருங்கி மறுபடியும் அதே கச்சேரி. பேஸ்மென்ட்டில் கைக்கு எட்டிய கிளாம்ப்புகளைத் தளர்த்திப் பழைய கம்பளி சாக்ஸை வெட்டிச் சொருகினேன். பாதி அடங்கியது. மீதி சுவருக்குள், அதை உடைக்க மனசும் இல்லை, காசும் இல்லை.

வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது கேட்கும் 'டம்' வேறு ரகம். மோட்டாரை அணைத்ததும் உன் தோட்டத்துக் குழாய் உதறுமே, அதுதான். காற்று அடைத்த சின்ன உருளை ஒன்றை மாட்டினேன், சரியாகிவிட்டது.

நான் பயந்தது வியாழக்கிழமை. அடுக்களைக் குழாய் சீறியது, நூலாக ஒழுகியது, நின்றேவிட்டது. 2014இல் இந்த ஊரில் தரை 2 மீட்டருக்கும் கீழே உறைந்து, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தெருவிலிருந்து தண்ணீர் வரவில்லை. பலர் பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் போட்டுக்கொண்டார்கள். அதுதானோ என்று பதறினேன். மற்ற குழாய்களில் தண்ணீர் வந்தது. ஆக, அடைப்பு சிங்க்குக்குப் பின்னால், வெளிச்சுவர் வளைவில்.

உறைந்தால் தண்ணீர் 9 சதவீதம் பருக்கும் என்று படித்தோமே. ஆனால் குழாய் பெரும்பாலும் ஐஸ் இருக்கும் இடத்தில் கிழிவதில்லை. ஐஸுக்கும் மூடிய வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறித்தான் கிழிகிறது. அதனால் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு சிங்க்குக்கு அடியில் படுத்து, திறந்த முனையிலிருந்து ஐஸ் பக்கமாக ஹேர் டிரையரைக் காட்டினேன். மாமியார் டார்ச் பிடித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிழவன் செருமுவது போல ஒரு சத்தம், தண்ணீர் வந்தது.

இப்போது ராத்திரியில் சிங்க் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, குழாயைச் சொட்ட விடுகிறோம். வீணாகிறதே என்று மாமியார் அடியில் குண்டான் வைத்திருக்கிறார். காலையில் அந்தத் தண்ணீரில்தான் காப்பி.

புது மோட்டார் எத்தனை இஞ்ச் தண்ணீர் தள்ளுகிறது? எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்