பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மதிப்பின்படி வரி விதியுங்கள்: பிரித்தானிய நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் 20 இலட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளின் உரிமையாளர்கள் 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் தாங்கள் அறிவித்ததை வரவேற்கிறேன். ஆயினும் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டையும், வெளிநாட்டில் வாழும் செல்வந்தர் முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீட்டையும் அந்த வரி ஒன்றாகவே பார்க்கிறது. இந்தக் குறையைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓராண்டுக்கு மேல் ஆளில்லாத வீடுகளுக்குக் கவுன்சில் வரியை, அதாவது உள்ளாட்சி மன்றங்களான கவுன்சில்கள் வசூலிக்கும் வீட்டு வரியை, இரட்டிப்பாகவும், பத்தாண்டுக்கு மேல் காலியாக இருந்தால் நான்கு மடங்காகவும் வசூலிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கட்டிலும் மேசையும் போட்டுவிட்டால் அதே வீடு 'இரண்டாம் வீடு' ஆகிவிடுகிறது; பிறகு எத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்தாலும் இரட்டிப்புக்கு மேல் கேட்க முடியாது. அந்த இரட்டிப்பும் எதன் மேல் என்று பாருங்கள். கவுன்சில் வரி இன்றும் 1991 ஏப்ரல் மதிப்பையே அடிப்படையாகக் கொண்டது. அன்று 3,20,000 பவுண்டைத் தாண்டிய வீடுகள் அனைத்தும் ஒரே உச்சப் பிரிவில் அடங்கும். மத்திய இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தப் பிரிவுக்கான வரி ஆண்டுக்குச் சுமார் 2,000 பவுண்டுதான். நாட்டிங்ஹாமில் நடுத்தர வீடு ஒன்றில் வாழும் குடும்பம் இதைவிட அதிகம் கட்டுகிறது. ஒரு கோடி பவுண்டு பெறுமதியான வெஸ்ட்மின்ஸ்டர் மாடிவீட்டில் ஆண்டு முழுவதும் விளக்கெரியாவிட்டாலும், இரட்டித்த வரியையும் தாங்கள் அறிவித்த 7,500 பவுண்டையும் சேர்த்து அதன் உரிமையாளர் கட்டுவது, வீட்டின் மதிப்பில் நூறு பவுண்டுக்கு 12 பென்ஸ் கூட ஆகாது. வீட்டின் விலை ஏறும் என்று காத்திருப்பவருக்கு இது ஒரு செலவே அல்ல.

கனடாவின் வான்கூவர் நகரம் 2017இல் காலி வீட்டு வரியைக் கொண்டுவந்தது. அங்கே அது வீட்டின் மதிப்பில் 1 சதவீதமாகத் தொடங்கி, 2021இல் 3 சதவீதமாக உயர்ந்தது. வீடு எவ்வாறு பயன்பட்டது என்பதை உரிமையாளரே ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் காலி வீடாகவே கருதப்படும். இங்கோ காலி வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கவுன்சிலின் தலையில் விழுகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் உள்ள வீடுகளுக்கு உண்மையில் யார் சொந்தக்காரர் என்பதைப் பதிவுசெய்யும் ஏடு 2022 முதல் நம்மிடம் இருப்பதால், வரியை யாரிடம் கேட்பது என்ற சிக்கலும் முன்போல் இல்லை.

இலண்டன்வாசிகளில் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர், வீடற்றோருக்குக் கவுன்சில்கள் தரும் தற்காலிகத் தங்குமிடத்தில் இருப்பதாக, இலண்டன் கவுன்சில்களின் கூட்டமைப்பான 'இலண்டன் கவுன்சில்ஸ்' மதிப்பிட்டுள்ளது. இல்ஃபோர்டில் அப்படியொரு அறையைப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கும் மைக்ரோவேவுக்கும் இடையில் குழந்தையின் தொட்டில். மூத்த பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது கட்டிலின் மேல், தாய் சமைத்து முடித்த பிறகு. இத்தகைய அறைகளுக்காகக் கவுன்சில்கள் செலவிடும் பணமும் பொதுப்பணம்தான்.

பிற நாட்டவர் மீதான காழ்ப்பினால் இதைக் கேட்கவில்லை. என்னைப் போன்ற பல்லாயிரம் தமிழர்களும் வேறு நாட்டிலிருந்து வந்து இங்கு வேரூன்றியவர்களே. இங்கு வந்து வாழ்பவரிடமோ, வாங்கிய வீட்டை வாடகைக்கு விடுபவரிடமோ இந்த வரியைக் கேட்கக் கூடாது. உரிமையாளரின் மறைவு, நீண்டகால மருத்துவச் சிகிச்சை, பெரும் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு விலக்கும் வேண்டும்.

ஆகவே, 2028 வரிக்கான விதிகளை வகுக்கும்போது, ஆண்டில் ஆறு மாதமாவது எவரும் குடியிராத வீடுகளுக்கு, தளபாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்றைய சந்தை மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தனி வரியாக விதிக்குமாறும், இந்நாட்டில் வசிக்காத உரிமையாளர்களுக்கு அந்த வீதத்தை உயர்த்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். 2028 வரியின் வருவாய் மத்திய அரசுக்கே செல்லும் என்று அறிவித்திருக்கிறீர்கள். காலி வீட்டு வரியின் வருவாயையாவது அந்தந்தக் கவுன்சிலிடமே விட்டு, எளியோருக்குக் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகள் கட்டுவதற்கு மட்டும் செலவிடச் சட்டத்திலேயே வழிசெய்யுங்கள்.

இங்ஙனம்,
கிழக்கு இலண்டனில் வாடகை வீட்டில் வாழும் ஒரு தமிழர்