மஞ்சள் கோடே தெரியாத இடத்தில் நோ பார்க்கிங் அபராதம்: ரத்து செய்யக் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

அனுப்புநர்:
திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் ஸ்கூட்டர்காரர் (முழு முகவரி சலான் நகலில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருப் பக்கம் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு மருந்து வாங்கப் போனேன். சாயங்காலம் செல்போனில் சலான் வந்தது: நோ பார்க்கிங், 500 ரூபாய். கட்டித் தொலைத்துவிட்டுப் போயிருக்கலாம், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 500, அடுத்த தடவைக்கு 1,500 வரை என்று இருக்கிறது. இன்றைக்குப் பேசாமல் கட்டினால், செய்யாத தப்பு என் வண்டி எண்ணில் முதல் தப்பாக ஏறிவிடும். அதனால்தான் இந்த மனு.

அந்த இடம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாலை ஓரத்தில் எப்போதோ மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், அப்புறம் குழாய் பதிக்கத் தோண்டி, மூடி, மேலே தார் போட்டு ஒட்டியதில் பாதிக் கோடு தாருக்கு அடியில் போய்விட்டது, மீதி ஐப்பசி கார்த்திகை மழையிலும் பஸ் சக்கரத்திலும் தேய்ந்து, குனிந்து பார்த்தால்கூட மஞ்சளா மண்ணா என்று சொல்ல முடியாது. அதை ஒட்டியே, டூவீலர் நிறுத்த வெள்ளையில் போட்ட பழைய கட்டங்கள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. கட்டத்தைப் பார்த்தவன் அதற்குள் வண்டியை நிறுத்தாமல் வேறென்ன செய்வான்? நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு கோடு என்று நோ பார்க்கிங் பலகை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதை முழுசாக மறைத்து ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ். (தாய்மாமன்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள்.)

சலானோடு வந்த படத்தில் என் நம்பர் பிளேட் மட்டும்தான் இருக்கிறது. கோடும் இல்லை, பலகையும் இல்லை. அந்தப் படத்தை வைத்து அது எந்தத் தெரு என்றுகூடச் சொல்ல முடியாது.

சாலைக் குறியீடுகளுக்கென்று, சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 35 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. வண்டி நிறுத்தக்கூடாத ஓரத்தை விடாத மஞ்சள் கோட்டால் காட்டச் சொல்கிறது அது. எங்கே வண்டி நிறுத்தலாம் என்பதை மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவர்களோ உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்யலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு. சரி, அப்படி முடிவு செய்திருந்தால் அது தரையில் தெரிய வேண்டாமா? காவலர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அந்தத் தெரு நோ பார்க்கிங் என்று மனப்பாடம். மாத்திரை வாங்க வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே, ஒரு அலுவலரை அனுப்பி அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லி, என் சலானை ரத்து செய்ய சம்பந்தப்பட்டவர்களுக்கு உத்தரவிட வேண்டும். ரத்து செய்ய முடியாது என்றால், அந்த ஓரத்தை நோ பார்க்கிங் என்று அறிவித்த உத்தரவின் நகலைத் தரச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறேன். கோட்டைத் திரும்பப் போடும்போது சாதா பெயிண்ட் வேண்டாம், அடுத்த மழைக்கே போய்விடும். பொடிக் கண்ணாடி மணிகள் கலந்த தெர்மோபிளாஸ்டிக் (உருக்கிப் போடும் பூச்சு) போட்டால் ராத்திரியிலும் ஹெட்லைட்டில் தெரியும். பழைய வெள்ளைக் கட்டங்களை அழிக்க வேண்டும், ஃபிளெக்ஸை அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் முடியும்வரை அங்கே யாருக்கும் சலான் போடாமல் நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: சலான் நகல், அதே இடத்தில் நான் எடுத்த படங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்